சிரிப்புக்குக் காசு கொடுத்தவர்கள்

சினிமா நம்மை எப்படிக் காட்டியது என்று கொஞ்சமாவது எழுதியிருக்கிறோம். எந்தப் படத்தில் வேலைக்காரனாக வந்தோம், எந்தப் படத்தில் பெயர்கூட இல்லாமல் கூட்டத்தில் நின்றோம் என்று நம் தோழர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். ரேடியோவுக்கும் டி.வி.க்கும் அந்த அளவுக்குக் கணக்கு எடுக்கப்படவில்லை. அதிலும் சிரிப்பு நிகழ்ச்சி என்றால், சிரிச்சுட்டுப் போறதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி என்று விட்டுவிடுகிறோம்.

தரை டிக்கெட் வாங்கிச் சினிமாக் கொட்டகையில் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நம்ம காசு போனது. கூத்துக்கு ஊரில் வரி போட்டார்கள். ரேடியோவில் வந்த சிரிப்புக்கு நாம் யாரும் பைசா கொடுக்கவில்லை. போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியிருந்தது உண்மைதான். அது பெட்டி வைத்திருந்தவன் சர்க்காருக்குக் கட்டியது. நடித்தவருக்கும் எழுதினவருக்கும் நிலையத்துக்கும் வேறு யாரோ கொடுத்தார்கள். கொடுத்தது பற்பசைக் கம்பெனி, சோப்புக் கம்பெனி, சத்துமாவுக் கம்பெனி. ‘இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்’ என்று ஒரு குரல் ஆரம்பத்திலும் முடிவிலும் சொல்லும். நடுவில் நாம் சிரிப்போம்.

காசு கொடுத்தவன் எதற்குக் கொடுத்தான்? அவன் காசுக்கு யாரைப் பார்த்து யார் சிரித்தார்கள்? மங்கலத்தில் பனியன் பீஸ் எண்ணிக்கொண்டு ரேடியோ கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

குரலில் பூசிய கரி

விளம்பரதாரர் சிரிப்பு பெரிய வியாபாரமாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே நடந்தது தெரிந்தால் இங்கே நடந்தது விளங்கும்.

வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போலப் பேசி ஆடிக் காட்டும் ‘மின்ஸ்ட்ரல்’ என்ற மேடைக்கூத்து அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. கறுப்பன் சோம்பேறி, கறுப்பன் மக்கு, வாயைத் திறந்தால் தப்பும் தவறுமாகப் பேசுவான் - இதுதான் அந்தக் கூத்தின் சரக்கு. ரேடியோ வந்ததும் இந்தச் சரக்கு மேடையை விட்டு வீட்டுக்குள் வந்தது. 1928 மார்ச் 19ஆம் தேதி சிகாகோ நிலையமொன்றில் ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்ற தொடர் ஆரம்பித்தது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த இரண்டு கறுப்பர்கள் ஓட்டை டாக்ஸி ஒன்றை வைத்துக்கொண்டு படும் பாடுதான் கதை. எழுதியதும் பேசியதும் ஃப்ரீமேன் காஸ்டன், சார்லஸ் கொரெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். ரேடியோவில் முகத்துக்குக் கரிகூடத் தேவைப்படவில்லை. குரலில் பூசிக்கொண்டால் போதுமாக இருந்தது.

1929 ஆகஸ்டில் பெப்சோடென்ட் பற்பசைக் கம்பெனி இந்த நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டது. என்.பி.சி. வலைப்பின்னல் வழியாக நாடு முழுக்கப் போனது. உச்சத்தில் 4 கோடிப் பேர்வரை கேட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த நேரம் வந்தால் சினிமாக் கொட்டகைகளில் படத்தை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டார்கள். இல்லாவிட்டால் கூட்டம் வராது. பற்பசை விற்றது. பின்னால் கேம்ப்பெல் சூப் கம்பெனி வந்தது. அப்புறம் லீவர் பிரதர்ஸ், ரின்சோ சோப்புத்தூளுக்காக வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல்லை வெள்ளையாக்கும் பசையும் துணியை வெள்ளையாக்கும் தூளும்தான் கறுப்பரைப் பார்த்துச் சிரிப்பதற்குக் காசு கொடுத்தன. சுத்தத்தை விற்கிறவனுக்கு அசுத்தம் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறான். நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. 1931இல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பர் பத்திரிகை, அதன் ஆசிரியர் ராபர்ட் வான் தலைமையில், இந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி 10 லட்சம் கையெழுத்து என்று குறி வைத்து இயக்கம் நடத்தியது. பல லட்சம் கையெழுத்து சேர்ந்தது. நிகழ்ச்சி நிற்கவில்லை. கறுப்பர்களிலேயே பலபேர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், அதில் என்ன தப்பு என்றும் கேட்டார்கள். 1951 ஜூனில் அது சி.பி.எஸ். டி.வி.க்கு வந்தது. டி.வி.யில் முகம் தெரியும் என்பதால் இந்தத் தடவை கறுப்பு நடிகர்களையே போட்டார்கள். ஆல்வின் சில்ட்ரஸ், ஸ்பென்சர் வில்லியம்ஸ், டிம் மூர் போன்ற நல்ல நடிகர்களுக்கு வேலை கிடைத்தது. வெள்ளைக்காரன் எழுதி வைத்த கறுப்பனாகக் கறுப்பனே நடிக்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்தது பிளாட்ஸ் என்ற பீர் கம்பெனி. கறுப்பர் முன்னேற்றச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. இந்தத் தடவை பீர் கம்பெனியையும் சேர்த்துக் குறிவைத்தது. 1953இல் பிளாட்ஸ் விலகிக்கொண்டது. தொடர் நின்றது. ஆனாலும் பழைய பகுதிகளை உள்ளூர் நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டு 1966வரை ஓட்டினார்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று. நாட் கிங் கோல் பெரிய பாடகர், கறுப்பர். 1956 நவம்பரில் என்.பி.சி. டி.வி.யில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி ஆரம்பித்தது. அவர் யாரையும் கேலி செய்யவில்லை, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மரியாதையாகப் பாடினார். நாடு முழுதுக்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தெற்கில் வெள்ளை வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே என்ற பயம். 1957 டிசம்பரில் நிகழ்ச்சி முடிந்தது. கறுப்பனைப் பார்த்துச் சிரிக்கக் காசு இருந்தது. கறுப்பன் தலைநிமிர்ந்து பாடக் காசு இல்லை. விளம்பரதாரர் சிரிப்பின் சட்டம் முழுவதும் இந்த இரண்டு நிகழ்ச்சியில் இருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்த குரல்

இந்தியாவில் ரேடியோ சர்க்கார் கையில் இருந்தது. அகில இந்திய வானொலி 1967வரை விளம்பரம் வாங்கவில்லை. 1952இல் மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அதையும் குறுக்கினார். சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம் என்ற அந்த எண்ணத்துக்குப் பின்னால் யாருடைய காது இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பறையும் துடும்பும் உருமியும் அந்தக் காதுக்குச் சங்கீதமாகப் படவே இல்லை.

பக்கத்து நாட்டில் கதை வேறு. ரேடியோ சிலோன் 1950 செப்டம்பர் 30ஆம் தேதி வர்த்தக ஒலிபரப்பை ஆரம்பித்திருந்தது. யுத்த காலத்தில் ராணுவத்துக்காக வைத்த பலமான டிரான்ஸ்மிட்டர் கொழும்பில் இருந்தது. இந்தியக் கம்பெனிகள் அங்கே ஓடின. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் குரலில் ‘பினாக்கா கீத்மாலா’ ஆரம்பித்தது. அங்கேயும் பற்பசைதான். நிகழ்ச்சியைப் பம்பாயில் டேப்பில் பதிந்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். தமிழிலும் அப்படியே. எஸ்.பி. மயில்வாகனம் முதலில் வழி போட்டார். பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று பெயர்கள் நம் வீட்டு ஆட்களின் பெயர் போல ஆகிவிட்டன.

மங்கலம் நொய்யல் ஓரத்து ஊர். 2009இல் திருப்பூர் மாவட்டம் ஆவதற்கு முன்னால் கோவை ஜில்லா. எங்க வளவில் அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றே ஒன்றுதான். பஞ்சாயத்து ரேடியோ ஊருக்குள்ளே இருந்தது. ஊர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். நம்ம சனங்க தூரத்தில், வேலி ஓரம் நின்று கேட்கும். டீக்கடையில் தனி டம்ளர், கோயிலுக்குள் போகக்கூடாது, கிணற்றில் இறங்கக்கூடாது. சத்தம் மட்டும் வேலியைத் தாண்டி வந்தது. ரேடியோவுக்குத் தீட்டு இல்லை. ரேடியோ வைத்திருந்தவனுக்குத்தான் இருந்தது.

இலங்கை வானொலியின் பாட்டு நிகழ்ச்சிகளில் நேயர் பெயர் படிப்பார்கள். இன்ன ஊர், இன்னார், இன்னார் என்று வரிசையாக வரும். ஊருக்குள் ‘டேய்’ என்றும் அப்பன் பேரைச் சொல்லி அவன் மகன் என்றும் கூப்பிடப்பட்ட ஆளுக்கு, கடல் தாண்டி ஒரு குரல் அவன் முழுப் பெயரைச் சொன்னது. பின்னால் சாதிப் பெயர் இல்லை. பண்ணாடிச் சொல்லும் இல்லை. எங்க வளவில் ரெண்டு மூன்று பேர் காசு சேர்த்து வெளிநாட்டுக் கடிதம் வாங்கி எழுதிப் போட்டார்கள். பெயர் வந்ததா வரவில்லையா என்பதைவிட வரக்கூடும் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. கம்பெனிக்காரன் கணக்கில் அவர்கள் சோப்பு வாங்கும் கூட்டம். அவர்கள் கணக்கில் அது மரியாதை. விளம்பரக் காசு நமக்குத் தெரியாமலே ஒரு நல்லதும் செய்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சரித்திரம் எழுதக்கூடாது.

இலங்கை வானொலியின் சிரிப்பு நிகழ்ச்சிகளில் பெயர் பெற்றது ‘கோமாளிகள் கும்மாளம்’. 1970களில் எஸ். ராமதாஸ் எழுதி நடித்த தொடர். ராமதாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார். டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன் சிங்களச் சாயலில் தமிழ் பேசும் உபாலி. இந்தப் பாத்திரப் பெயர்கள் கடைசிவரை அந்த நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்று சினிமாவாகவும் வந்தது. பல சனங்களின் பேச்சு ஒரே இடத்தில் மோதிக்கொண்டு சிரிப்பாக மாறியது. ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்தார்கள், ஒருவர் மட்டும் அடிவாங்கவில்லை. அந்த வகையில் ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யைவிட இது நியாயமான சிரிப்பு. ஆனால் பெயர் நிலைத்த அந்த மூவரில் மலையகத் தோட்டத் தொழிலாளி இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கில் கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து தேயிலைக் காட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். நீலகிரியில் வந்து இறங்கியபோதும் அதே இலங்கை வானொலியைத்தான் கேட்டார்கள். சிரிப்பில் இடம் கிடைக்காமல் போவதும் ஒரு விதமான தீண்டாமைதான்.

சபாவிலிருந்து ஸ்டுடியோவுக்கு

கொழும்புக்குப் போகும் காசைப் பிடிக்க, அகில இந்திய வானொலி 1957 அக்டோபரில் விவித பாரதியை ஆரம்பித்தது. 1967 நவம்பர் 1ஆம் தேதி பம்பாய், புனே, நாகபுரியில் விளம்பரம் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. தமிழில் ‘ஹார்லிக்ஸ் சுசித்ராவின் குடும்பம்’ போன்ற விளம்பரதாரர் தொடர்கள் வந்தன. தலைப்பிலேயே கம்பெனி பெயர். குடும்பம் என்றால் எந்தக் குடும்பம்? ஆபீஸ் போகும் அப்பா, சமையலறையில் அம்மா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், மேசையில் சத்துமாவுப் பாட்டில். விலை கொடுத்து வாங்கக்கூடிய வீடுதான் குடும்பம் என்று காட்டப்பட்டது. காலையில் பழைய சோறு குடித்துவிட்டு வேலைக்குப் போகும் வீடு அந்த ரேடியோவில் குடும்பமே இல்லை.

சிரிப்பு எங்கிருந்து வந்தது? சென்னை சபா நாடகங்களிலிருந்து. மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து நாடகக் குழுக்கள்தான் ரேடியோவுக்கும், 1975 ஆகஸ்ட் 15இல் சென்னை தொலைக்காட்சி ஆரம்பித்த பிறகு அதற்கும், தயாராக இருந்த சிரிப்புக் கம்பெனிகள். எழுதியவர்களும் நடித்தவர்களும் பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த மேல்சாதியார். அவர்கள் வீட்டு விஷயம்தான் நாடகம்: மேனேஜர் தொல்லை, மாமியார் சண்டை, கடன்காரன், பெண் பார்க்கும் படலம். நம் சனங்க அதில் மூன்று வாசல் வழியாக வந்தார்கள். வேலைக்காரியாக, ரிக்‌ஷாக்காரனாக, திருடனாக. மூன்று பேருக்கும் ஒரே பாஷை. அதற்கு ‘மெட்ராஸ் பாஷை’ என்று பெயர்.

மெட்ராஸ் பாஷை துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் குப்பத்திலும் சேரியிலும் உழைக்கிற சனங்கள் உண்டாக்கின பேச்சு. தெலுங்கு, உருது, இங்கிலீஷ் எல்லாம் கலந்தது. அதில் வேலை நடக்கிறது, காதல் நடக்கிறது, சாவுக்கு ஒப்பாரி நடக்கிறது. சினிமாவும் சபாவும் ரேடியோவும் அதை எடுத்துச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டன. 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரனாகப் பேசினார். 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோ ராமசாமி ஜாம்பஜார் ஜக்கு ஆனார். அந்தப் படத்தில் மனோரமா மெட்ராஸ் பாஷையில் பாடிய பாட்டு ரேடியோவில் வருஷக்கணக்கில் ஓடியது. சோ மயிலாப்பூர்ப் பிராமணர், வக்கீல், பத்திரிகைக்காரர். அவர் சேரிக்காரன் குரலில் பேசியதும், சிகாகோவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பன் குரலில் பேசியதும் ஒரே தொழில்நுட்பம். கரி முகத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. அதே நாக்கு ரேடியோவில் செய்தி வாசிக்கும்போது சுத்தமாகிவிடும். நம்ம ஆள் அதே பாஷையில் பேசிக்கொண்டு வேலை கேட்டுப் போனால் வாசலிலேயே சிரிப்பார்கள்.

இங்கே ஒரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பன் என்று பெயர் சொல்லியே சிரித்தார்கள். இங்கே சாதிப் பெயரைச் சொல்வதில்லை. குப்பன், சுப்பன், முனியம்மா என்று பெயர் வைத்தால் போதும், கேட்கிறவன் புரிந்துகொள்வான். கறுப்பு நிறம், பல் எடுப்பு, குளிக்காத உடம்பு, படிக்கத் தெரியாத வாய் என்று சுற்றி வளைத்து அடையாளம் வைப்பார்கள். சாதி சொல்லாமலே சாதியைச் சொல்வது இந்த நாட்டின் பழைய வித்தை. விளம்பரதாரருக்கும் அதுதான் சௌகரியம். எழுத்தில் எதுவும் இல்லை பாருங்க என்று கை விரிக்கலாம்.

கிந்தன் என்று ஒருத்தன்

இதற்கு மாற்றே இருந்ததில்லையா? இருந்தது. எங்க பக்கத்து ஆள் ஒருவர் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறார். உடுமலைப்பேட்டை பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி. அவர் எழுத, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய கிந்தனார் கதாகாலட்சேபம் 1949இல் ‘நல்லதம்பி’ படத்தில் வந்தது. நந்தனார் கதையைத் தலைகீழாகப் போட்டது அது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போனான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துப் பள்ளிக்கூட ஆய்வாளராகத் திரும்பி வருகிறான். பாகவதர் வேஷம், சப்ளாக்கட்டை, பின்பாட்டு எல்லாம் அவர்களுடையது. சிரிப்பு மட்டும் இடம் மாறி, சேரிப் பையனை அடித்து விரட்டிய வாத்தியார் மேல் விழுகிறது.

இதிலும் குறை சொல்லலாம். படித்தால் சாதி போய்விடும் என்கிற கதை அது. படித்து உத்தியோகத்துக்குப் போன நம்ம பிள்ளைகளுக்கு வாடகை வீடு கிடைக்காத கதையை எழுத இன்னொரு காலட்சேபம் வேண்டும். எழுதியவர்களும் நம்மவர்கள் இல்லை. இருந்தாலும் சிரிப்பை மேலே பார்த்து எறிய முடியும் என்று காட்டியது அது. அதன் பின்னால் ஒரு சமூக இயக்கம் இருந்தது. கேட்க ஆயிரக்கணக்கில் சனங்கள் இருந்தார்கள். சோப்பு விற்பதற்காக அது எழுதப்படவில்லை. ‘இந்தக் கிந்தனை உங்களுக்கு வழங்குவோர்’ என்று எந்தக் கம்பெனியாவது வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

127 நாளும் ஒரு நூடுல்ஸும்

தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1 முதல் விளம்பரம் வாங்கியது. முழு நிகழ்ச்சியையும் கம்பெனி தாங்கும் முறை பெரிதானது 1984இல். அந்த வருஷம் ஜூலை 7இல் ‘ஹம் லோக்’ தொடர் ஆரம்பித்தது. மேகி நூடுல்ஸ் விற்கிற கம்பெனி அதற்குக் காசு கொடுத்தது. அதே வருஷம் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ என்ற சிரிப்புத் தொடரும் வந்தது. அதற்கு முகப்பூச்சும் பற்பசையும் விற்கிற விக்கோ. இந்தி புரியாத எங்க ஊரிலும் ஊர்க்காரர் வீட்டு ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. கூடவே விளம்பரத்தையும் பார்த்தன. விளம்பரம் எந்த பாஷையில் இருந்தாலும் புரியும்.

அந்த 1984தான் திருப்பூரில் பனியன் தொழிலாளிகள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். நம்ம சனங்களும், கவுண்டர் வீட்டுக் கூலிப் பிள்ளைகளும், முஸ்லிம் தொழிலாளிகளும் ஒரே வரிசையில் நின்ற நாட்கள். அடுப்பு எரியாத வீடு எத்தனையோ. இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும் நூடுல்ஸ் டி.வி. தொடருக்குக் காசு கொடுத்த வருஷமும், நாலு மாசம் உலை வைக்க வழியில்லாமல் நின்ற வருஷமும் ஒன்றே. 127 நாளில் எத்தனை சிரிப்பு, எத்தனை அழுகை, எத்தனை நாடகம். அதை வழங்க எந்த விளம்பரதாரர் வருவார்?

அந்தச் சமயத்தில்தான் எங்க சனங்க பண்ணயத்தை விட்டு பனியனுக்கு வந்தார்கள். தறிக்குடோனில் ரேடியோ கேட்காது, விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்துவதே கேட்காது. பனியன் கம்பெனியில் அப்படி இல்லை. பவர் டேபிள் ஓடினாலும் ரேடியோ ஓடும். கோவை வானொலியில் பாட்டு, பாட்டுக்கு நடுவே சோப்பும் ஜட்டியும் பனியனும். கைமடிக்கிறவங்க, பிசிர் வெட்டுறவங்க, செக்கிங் பொம்பளைங்க எல்லாம் பீஸ் ரேட்டுக்கு ஓட்டமாய் ஓடிக்கொண்டே கேட்பார்கள். ராத்திரி ஒன்றரை ஷிப்ட் என்றால் தூக்கம் வராமலிருக்க யாராவது சினிமா நகைச்சுவை கேசட் போடுவார்கள்.

அந்தக் கேசட்டில் கவுண்டமணி இருந்தார். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்து வல்லகுண்டாபுரத்துக்காரர். நம்ம கொங்குப் பேச்சு. பணக்காரனையும் பண்ணையாரையும் போலி அரசியல்வாதியையும் அவர் கிழித்தபோது எங்க சனங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியிடம் சொல்ல முடியாததை அவர் சொன்னார். அடுத்த நிமிஷமே அவர் திட்டு செந்தில் மேல் திரும்பும். கறுப்பு, தலை, வாய், புத்தி என்று உடம்பை அளந்து திட்டுவார். அந்தத் திட்டு மறுநாள் கம்பெனியில் எங்க பையன்கள் மேல் வந்து விழும். கட்டிங் மாஸ்டர் சொல்லுவான், சூப்பர்வைசர் சொல்லுவான், சினிமா டயலாக்தானே என்பான். சாதியைச் சொல்லித் திட்டினால் கேஸ் போடலாம் என்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தது. கேசட் வசனத்துக்கு எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

நம்ம சனங்களும்தானே சிரித்தார்கள் என்று கேட்பார்கள். ஆமாம். சிகாகோவில் கறுப்பர்களும் சிரித்தார்கள். பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிற உடம்புக்குச் சிரிப்பு தேவை. கிடைத்ததைக் கொண்டு சிரித்துக்கொண்டது. நம் சொந்தச் சிரிப்பை மைக் முன்னால் கொண்டுபோக நமக்குக் காசு இல்லை என்பதுதான் விஷயம். எழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் எங்க கிழவிங்க பண்ணாடியைப் போலவும் பண்ணாடிச்சியைப் போலவும் நடந்து காட்டுவார்கள், பேசிக் காட்டுவார்கள். அதைவிடக் கூர்மையான நகைச்சுவை நான் எந்த நிலையத்திலும் கேட்டதில்லை. அது ஒரு டேப்பிலும் ஏறவில்லை.

இப்போது

1993இல் சன் டி.வி. வந்தது. ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’, ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ என்று குளிர்பானமும் நகைக்கடையும் தலைப்பில் ஏறின. பாட்டுக்குப் பாட்டை நடத்தியவர் அதே அப்துல் ஹமீத்தான். கொழும்புக் கலை அப்படியே சென்னைக்கு வந்து சேர்ந்தது. பின்னால் ஆதித்யா, சிரிப்பொலி என்று 24 மணி நேரமும் சிரிப்பு மட்டும் போடும் சேனல்கள் வந்தன. பழைய படத்துச் சிரிப்புக் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ நின்ற பிறகும் 1966வரை வாடகைக்கு ஓடியது போல, 40 வருஷத்துக்கு முந்தைய திட்டு இன்றைக்கும் புது சோப்பு விளம்பரத்தோடு ஓடுகிறது. அன்றைக்குத் தாத்தாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பேரனையும் பார்த்துச் சிரிக்கிறது.

2024 ஜூலையில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், ‘சண்டாளன்’ என்ற சொல்லைப் பாட்டிலும் சினிமாவிலும் மேடையிலும் வசையாகவும் வேடிக்கையாகவும் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. அது பட்டியலில் இருக்கும் ஒரு சாதியின் பெயர். இத்தனை வருஷம் பிறகாவது ஒருத்தர் சொன்னார்களே என்று சந்தோஷம்தான். ஒரு சொல்லைத் தடுத்தால் அதன் இடத்தில் இன்னொரு சொல் வரும். சொல்லுக்குக் காசு கொடுக்கிற இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1931இல் கறுப்பர்கள் பல லட்சம் கையெழுத்து வாங்கியும் முடியாதது, பீர் கம்பெனியின் கையைப் பிடித்தபோது நடந்தது. நடிகனைத் திட்டினால் கலைஞனைத் திட்டாதே என்பார்கள். எழுதியவனைக் கேட்டால் கருத்துச் சுதந்திரம் என்பான். சேனலைக் கேட்டால் சனங்க விரும்புறாங்க என்பான். விளம்பரதாரரிடம் மட்டும் இந்தப் பதில் செல்லாது. அவனுக்கு வேண்டியது ஒன்றே, வாங்குகிற கை. ரேடியோ காலத்தில் நம் கையில் காசு இல்லை, அவன் நம்மைக் கணக்கில் வைக்கவில்லை. இன்று பனியன் கம்பெனி வாரக்கூலியில் சோப்பும் ஷாம்புவும் பற்பசையும் வாங்காத வளவு இந்த வட்டாரத்தில் இல்லை. தலைமுறை தலைமுறையாக மற்றவன் அழுக்கை வாருவதற்கும் வெளுப்பதற்கும் ஒதுக்கப்பட்ட சனங்களிடம்தான் இன்று அவன் சுத்தத்தை விற்கிறான்.

ஆகவே சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று, நம்மை இழிவுபடுத்தும் சிரிப்பு எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதோடு, அதன் முன்னும் பின்னும் எந்தக் கம்பெனி விளம்பரம் வருகிறது என்றும் நோட்டுப் போட்டு எழுதுங்கள். ஒரு மாசம் எழுதினால் போதும். அந்த நோட்டை அந்தக் கம்பெனிக்கே அனுப்புங்கள், பத்திரிகைக்கும் கொடுங்கள். இரண்டு, எழவு வீட்டில் பண்ணாடியைப் போல நடந்து காட்டிய கிழவிகள் இன்னும் சிலபேர் உயிரோடு இருக்கிறார்கள். கையில் இருக்கும் போனில் அவர்கள் குரலைப் பதிந்து வையுங்கள். அதற்கு எந்த விளம்பரதாரரும் தேவையில்லை.